நீட்டம்

செம்மடைக்கும் பெரியமங்கலத்துக்கும் நடுவே இருந்த ரோடு நீளத் தொடங்கியது ஐப்பசியில், கரிசலை உழுதுபோட்டுவிட்டு ஊரே மழைக்குக் காத்திருந்த நாட்களில் ஒன்றில், பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் தவசிமுத்து, ஞானதுரையின் கடையில் விலைக்கு நின்ற மோட்டார் சைக்கிளை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியைக் கேட்டு வாங்கிய அன்றைக்கு.

ஞானதுரை செம்மடையின் கிழக்கு எல்லையில் ரோட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் நடத்திவந்தான். அவன் மனைவி பியூலா பெரியமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸ். காலைப் பஸ்ஸில் போவாள், சாயங்காலப் பஸ்ஸில் கடை வாசலிலேயே வந்து இறங்குவாள், அவன் கடையைப் பூட்டுவான், இருவரும் அன்றைக்கு வார்டில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள், ஆனால் பிறத்தியார் பிள்ளைகளைப் பற்றி அந்த நடையில் பேசுவது மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை.

அந்த வண்டியைக் காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்த்த வெளியூர் இன்ஜினியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றுத்தரச் சொல்லி விட்டுப்போயிருந்தார். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. செம்மடையில் மோட்டார் சைக்கிள் என்றால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பின்னால் உரமூட்டையோ பெண்டாட்டி பிள்ளையோ இருக்க, காலுக்கு நேர் கீழே கியரும் பிரேக்கும் கிடக்க ஓட்டிப்போகிற வண்டி. இதுவோ சீட் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, கைப்பிடி காங்கேயம் காளையின் கொம்பு மாதிரி அகன்று உயர்ந்து, முன்சக்கரம் எங்கோ தள்ளி நீட்டிக்கொண்டு, கால் வைக்கிற இடமே ஒரு முழம் முன்னால் இருந்த வண்டி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டவனைப் போல, காலை நீட்டிப்போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஊர்க்காரர்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள், டேங்கில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டார்கள், யாரும் ஏறவில்லை, தவசிமுத்து வரும் வரை.

தவசிமுத்து ஏறி உட்கார்ந்ததும் அவர் கால் பழக்கத்தில் கீழே துழாவியது, கீழே ஒன்றும் இல்லை, பிறகு ஞானதுரை குனிந்து அவர் பாதத்தைப் பிடித்து முன்னால் எடுத்துவைத்தான். வண்டி தடதடவென்று இரைந்து ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. நீளமான வண்டி என்பதால் அந்தக் குறுகிய ரோட்டில் அதைத் திருப்ப முடியாது, ஓடைப் பாலத்தைத் தாண்டி மூடிக்கிடக்கும் தீப்பெட்டி ஆலைக்கு முன்னால் லாரி நிற்கிற பெரிய களம் இருக்கிறது, அங்கே போய் வளைத்துத் திரும்புங்கள் என்று ஞானதுரை சொல்லி அனுப்பினான். அவர் போனார், வந்தார். வர நேரமாயிற்று. இறங்கியபோது முகத்தில் தூங்கி எழுந்தவரின் களை இருந்தது. நாம் ரோட்டில் போகிற மாதிரி இல்லை, ரோடு நம்மைத் தேடி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். வண்டி நன்றாக இருக்கிறது, ஆனால் நமக்குச் சரிப்படாது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலப் பஸ் பிந்தி வந்தது. டிரைவர் இறங்கி ஒரு சோடா குடித்தார், பாலத்துக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் நடுவே ரோடு கூடியிருக்கிறது என்றார். ஆடு குட்டி போட்டிருக்கிறது என்று சொல்வது போல அதைச் சொன்னார். மறுநாள் காலை ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். முன்பு பாலத்தில் நின்றால் ஆலையின் புகைபோக்கி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், இப்போது அது எட்டத்தில் நின்றது. நடுவே புதிதாக ஒரு தரை கிடந்தது. நல்ல கரிசல், ஆங்காங்கே முற்றிய பனைகள், கறையான் புற்றுகள், ரோட்டின் இரண்டு பக்கமும் பழைய ரோட்டுக்கு இருந்தது போலவே உடைந்த விளிம்பு, ஜல்லி பெயர்ந்த குழிகள். நேற்றுப் பிறந்த தரையாகத் தெரியவில்லை, யாரும் இதுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டது போலத்தான் இருந்தது. ஆடுகளை ஓட்டிப்போனார்கள், ஆடுகள் மேய்ந்தன, பால் கொடுத்தன. நாய்கள் மட்டும் பாலத்தோடு நின்றுகொண்டன.

அடுத்து ஜவுளிக்கடைக்காரர் ஓட்டிப் பார்த்தார், அதற்கடுத்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பட்டாளத்துக்காரர். ஒவ்வொரு தடவையும் போகும்போது இருந்ததைவிட வரும்போது ரோடு கூடியது. மூன்றாவது ஆள் திரும்பி வந்தபோது ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யார் யாரிடம் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை, அடுப்பில் வைத்தால் உலை கொதிக்கும் என்பது மாதிரி, அந்த வண்டி போய்த் திரும்பினால் ரோடு நீளும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஆகிவிட்டது. புதுத் தரைக்கு நீட்டம் என்று பெயர் வந்தது. பஸ்ஸில் நீட்டத்துக்கு ஒரு ஸ்டேஜ் போட்டார்கள். வி.ஏ.ஓ. ஊர் நிலப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, படத்தில் இல்லாத இடத்துக்கு நான் வரி போட முடியாது, பட்டாவும் தர முடியாது, இருந்துகொள்கிறவர்கள் இருந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செம்மடை அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. பெரியமங்கலத்துக்குப் பால் கொண்டுபோகிறவர் பால் வழியிலேயே திரிகிறது என்று தயிர் வியாபாரத்துக்கு மாறினார். பூக்காரப் பெண்கள் பிச்சிப்பூவை விட்டுவிட்டு வாடாத பூவாகப் பார்த்து வாங்கினார்கள். காலையில் வந்த பேப்பர் மத்தியானம் வந்தது, பிறகு விளக்கு வைக்கும்போது வந்தது, பிறகு மறுநாள் வந்தது, டீக்கடையில் அதே மும்முரத்தோடு அதைப் படித்தார்கள். கரண்டு கணக்கெடுக்க வருகிறவர் வராமல் போனார், அதில் ஊருக்குச் சந்தோஷம்தான். பிறகு ரோந்துக்கு வருகிற போலீஸ் ஜீப் வரவில்லை. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற டாக்டர் வரவில்லை, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், மருந்துக்கடைக்காரரிடமே ஊசி போட்டுக்கொண்டார்கள்.

இதையெல்லாம் தன் உடம்பில் அளந்துகொண்டிருந்தவள் பியூலா. முதலில், பஸ்ஸில் ஏறியதும் அவள் தொடங்குகிற ஜெபம் முடிகிற இடத்தில் வருகிற ஆஸ்பத்திரி, ஜெபம் முடிந்து ஒரு தூக்கமும் முடிந்த பிறகு வந்தது. பிறகு இருட்டோடு கிளம்பி இருட்டில் திரும்பினாள். வீட்டுக்கு நடக்கும்போது பேச்சுக் குறைந்தது, அவள் நடந்துகொண்டே கண்ணை மூடிக்கொள்வதை ஞானதுரை பார்த்தான், கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே தட்டின் மேல் தூங்கிப்போனாள். அன்றைக்கு அவன் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான், இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவுசெய்தான்.

நயினாமுத்து அவனைத் தேடி வந்தார். அரிசி ஆலை முதலாளி, பஞ்சாயத்துத் தலைவர், குரல் உயர்த்தாமல் பேசிக் காரியத்தை முடிக்கிறவர். நீட்டத்தில் ஏற்கெனவே எல்லைக்கல் ஊன்றிக் கயிறு கட்டியிருந்தார். விலைக்கு நிற்கிற வண்டியை ஓட்டிப் பார்க்க வருகிறவர்களைத் தடுக்க உனக்கு என்ன உரிமை, நீ வெறும் இடையாள்தானே என்று தணிந்த குரலில் கேட்டார். ஊருக்கு நிலம் வளர்கிறது, எந்த ஊருக்கு இந்தக் கொடுப்பினை இருக்கிறது என்றார். ஞானதுரை சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான். அவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அவருக்கு மறுத்ததை அவன் சேர்மக்கனிக்கு மறுக்க முடியவில்லை. சேர்மக்கனி செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவன், சூளைக்குப் பின்னால் கீழ்க்காலனியில் ஒரே சுவரை ஒட்டி வரிசையாக இருந்த ஒற்றை அறைகளில் ஒன்றில் குடியிருந்தான். அவன் மனைவி செண்பகவடிவுக்கு நான்கு மாதம். அவன் தனியாக வந்தான், கொட்டகைக்கு வெளியிலேயே நின்றான், உள்ளே கூப்பிட்ட பிறகும் வாசல்படியில்தான் உட்கார்ந்தான். இப்போது இருக்கிற நீட்டத்தில் கல் ஊன்றாத இடம் இல்லை, தான் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்தால் புதிதாக வருகிற தரையில் கல் விழுவதற்குள் ஒரு குடிசை போட்டுக்கொள்வேன் என்றான்.

"பிள்ளை பொறக்கையில சொந்தத் தரையில பொறக்கணும் அண்ணாச்சி," என்றான். "வேற ஒண்ணும் இல்ல."

ஞானதுரை சட்டைப்பையில் இருந்து சாவியை எடுத்தான். சேர்மக்கனி அதுவரை மொபெட்டைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. வண்டி அவனை இழுத்துக்கொண்டு போவது போலத்தான் போயிற்று. திரும்பி வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது, வண்டி நல்லா இருக்கு அண்ணாச்சி, நமக்குச் சரிப்படாது என்று மற்றவர்கள் சொன்னதையே அவனும் சொன்னான். அவனுக்குப் பின்னால் கீழ்க்காலனியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள், ஒருவனுக்குக் கொடுத்த பிறகு இன்னொருவனுக்கு இல்லையென்று சொல்ல ஞானதுரைக்கு வாய் வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் நயினாமுத்துவின் ஆட்கள் வந்தார்கள், அவர்களிடம் இல்லையென்று சொல்ல இப்போது காரணமும் இல்லை. மார்கழி முடிவதற்குள் கீழ்க்காலனியின் அறைகள் காலியாகிவிட்டன. அத்தனை குடும்பமும் நீட்டத்தில் இருந்தது. கிணறு வெட்டினார்கள், தண்ணீர் சப்பென்று இருந்தாலும் உப்பில்லாமல் இருந்தது. ஒரு வேப்பங்கன்று வைத்து, அடியில் மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசினார்கள். ஒரு கிழவர், எல்லாம் சரி, இந்த மண்ணில் இதுவரை யாரும் செத்ததில்லையே, செத்தால் எங்கே புதைப்பது என்று கேட்டார், அதற்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பொங்கலுக்குப் பிறகு பியூலாவால் தினமும் வந்துபோக முடியவில்லை. நர்ஸ் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்தது, சனிக்கிழமைதோறும் வந்தாள். பிறகு மாதம் ஒரு முறை என்றாயிற்று. பிறகு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வீடு சேர்ந்த உடனே திரும்பினால்தான் வேலைக்கு நேரத்துக்குப் போகலாம் என்றாகி, வருவதே நின்றுபோனது. தொலைபேசியில் மட்டும் அவள் குரல் முன்பு போலவே பக்கத்தில் இருந்தது, அது ஞானதுரைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சாயங்காலங்களில் அவன் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தான், பேச ஆளில்லாமல் வாய் கைத்தது.

வைகாசித் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் பியூலா போனில் கூப்பிட்டாள். முந்தின நாள் ஆம்புலன்சில் செண்பகவடிவைக் கொண்டுவந்தார்கள் என்றாள். வலி கண்டு கிளம்பியவள் நீட்டத்திலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருந்தது, ரோட்டின் நீளத்துக்கு அவள் ரத்தம் போயிருந்தது, எப்படியோ தாயும் பிள்ளையும் தேறிவிட்டார்கள், ஆண் குழந்தை. சேர்மக்கனி கட்டியிருந்த வேட்டியோடு வந்திருந்தான், மாற்றுத்துணி எடுக்கவும் கட்டிப்போட்ட ஆட்டை அவிழ்த்துவிடவும் நீட்டத்துக்குப் போயிருக்கிறான், இன்று மத்தியானப் பஸ்ஸுக்குத் திரும்புவான் என்று சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கேக்கியளா?" என்றாள். "எல்லாரும் திரும்பி வரணும்னுதான அந்த வண்டியில ஏறுதாங்க. நீங்க திரும்புற நெனப்பே இல்லாம ஏறி இங்க வந்துருங்க. அந்த வண்டி இனி அங்க நிக்க வேண்டாம், கடை வேண்டாம், வீடு வேண்டாம். நீங்க வந்தாப் போதும்."

ஞானதுரை சரி என்றான். அவ்வளவு சீக்கிரம் சொல்வான் என்று அவனே நினைத்திருக்கவில்லை. அதுவரை அவன் அந்த வண்டியை ஓட்டியதே இல்லை, மற்றவர்கள் காலைப் பிடித்து முன்னால் வைத்தது மட்டும்தான். கொட்டகையைப் பூட்டினான், இரண்டு சட்டையைப் பையில் திணித்தான், வெயில் உச்சிக்கு ஏறியபோது கிளம்பினான்.

முதலில் அவனுக்குப் பயமாக இருந்தது. கை உயரத்தில், கால் தூரத்தில், உடம்பு நடுவில் தொங்குவது போல இருந்தது, ஏதோ ஒன்று தன்னை மடியில் வைத்துக்கொண்டு போவது போல இருந்தது. வளைவில் சாய்த்தால் கால்தாங்கி தரையில் உரசிப் பொறி பறந்தது. பாலம் வந்தது, அங்கே படுத்திருந்த நாய்கள் எழுந்து தள்ளி நின்று அவனைப் பார்த்தன. பாலத்தைத் தாண்டி நீட்டத்துக்குள் போனதும் பயம் குறைந்தது. தவசிமுத்து சொன்னது போலவே ரோடு அவனைத் தேடி வந்தது. நயினாமுத்துவின் கல்லும் கயிறும் வந்தன, வெறும் தரை வந்தது, பிறகு குடிசைகள் வந்தன. கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு குடிசை வாசலில் யாரோ மிளகாய் காயப் போட்டிருந்தார்கள், சாவி கொடுத்த அண்ணாச்சி என்று அடையாளம் தெரிந்து ஒருத்தர் கும்பிட்டார்.

அவர் கும்பிட்டதற்குப் பதில் கும்பிட முடியாமல் தலையை அசைத்துவிட்டு, ஞானதுரை கண்ணாடியில் பார்த்தான். கண்ணாடியில் பாலம் இருந்தது. தாண்டி எவ்வளவோ நேரம் ஆகிவிட்ட பாலம், முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது போல இருந்தது. நாய்கள் அதே இடத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் தாண்டி வந்த கல்லும் கயிறும் இல்லை, கிணறு இல்லை, மிளகாய் இல்லை, கும்பிட்டவர் இல்லை. பாயைச் சுருட்டுவது போல ரோடு அவன் பின்னால் சுருண்டுகொண்டிருந்தது. சத்தமே இல்லை. எந்தக் குரலும் கேட்கவில்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முன்னால் இன்னும் பாதிக் குடிசைகள் இருந்தன, யோசிக்க நேரமும் இருந்தது. வண்டியை நிறுத்தியிருக்கலாம். இறங்கி வண்டியைத் தள்ளியாவது திருப்பியிருக்கலாம், திருப்பினால் சுருண்டது விரியுமா, விரிந்தால் போனவர்கள் வருவார்களா என்று பார்த்திருக்கலாம். ஆனால் நிறுத்தினால் தானும் சேர்ந்து சுருண்டுவிடுவோமா என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பியூலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு இருந்தது. அவன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து நேராக வைத்துக்கொண்டான்.

நீட்டம் ஸ்டேஜில், பனைமரத்து நிழலில், சேர்மக்கனி நின்றிருந்தான். குளித்துத் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மஞ்சள் பையோடு பஸ்ஸுக்கு நின்றவன், வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ரோட்டு ஓரத்துக்கு வந்து கையைக் காட்டினான். ஞானதுரை அவன் முகத்தைப் பார்த்தான். அவனும் ஞானதுரையின் முகத்தைப் பார்த்தான். வண்டி நிற்காமல் போயிற்று. கையை இறக்காமலே சேர்மக்கனி ஏதோ சொன்னது மட்டும் தெரிந்தது, என்ன சொன்னான் என்று தெரியவில்லை. அதன் பிறகு ஞானதுரை ஆலைக் களம் வரும் வரை கண்ணாடியில் பார்க்கவில்லை.

வெயில் சாய்வதற்கு முன்பே அவன் பெரியமங்கலம் போய்ச் சேர்ந்தான். பியூலா குடியிருப்பின் வாசலுக்கு ஓடி வந்தாள், அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னான், ஒன்று விடாமல், சேர்மக்கனி கை காட்டியதைத் தவிர.

சாயங்காலப் பஸ் பழைய நேரத்துக்குச் செம்மடை போய்ச் சேர்ந்தது. பாலத்தில் நின்றால் ஆலைப் புகைபோக்கி மறுபடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊர் முதலில் திகைத்தது, பிறகு தன் கல்லையும் கயிற்றையும் நினைத்து அழுதது, அதன் பிறகு காலையில் பேப்பர் வந்தது, டாக்டர் வந்தார், பால்காரர் பாலாகவே கொண்டுபோனார், இதுவும் வசதியாகத்தான் இருக்கிறது என்று ஆயிற்று. நீட்டத்தில் குடியிருந்தவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கீழ்க்காலனியே அங்கேதான் இருந்தது. சூளை முதலாளி வெளியூரிலிருந்து வேறு ஆட்களைக் கொண்டுவந்து அந்த அறைகளில் வைத்தார். பழைய ஆட்கள் எங்கே என்று ஒரு ஆபீசர் எப்போதோ கேட்டதற்கு, அவர்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள் என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. சொல்லச் சொல்ல அது அவர்களுக்கு உண்மையாகவே ஞாபகம் வரத் தொடங்கியது. சிலர் வழியனுப்பப் போனதாகவும் சொன்னார்கள்.

செண்பகவடிவு வார்டில் இருந்தாள். மத்தியானப் பஸ்ஸில் புருஷன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டபோது போக இடம் இல்லாமல் பிள்ளையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பியூலா அவளைத் தன் அறைக்குக் கூட்டி வந்தாள். நீட்டம் சுருண்டுபோன சேதியை மட்டும் பியூலா அவளிடம் சொன்னாள், அதற்கு மேல் யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. பிள்ளை இரவில் அழுதால் ஞானதுரை எழுந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், அது அவன் கழுத்தில் வாயை வைத்துக்கொண்டு தூங்கியது.

ஒரு நாள் நயினாமுத்து மினி லாரியோடு வந்தார். வண்டியை எடுத்துப்போகிறோம், அது செம்மடையில் விலைக்கு நின்ற வண்டி, அங்கேதான் நிற்க வேண்டும் என்றார். ஞானதுரை சாவியைக் கொடுத்துவிட்டான். அறை வாசலில் நின்ற செண்பகவடிவு, வண்டியை மறுபடி ஓட்டினால் நீட்டம் வருமா, அவியளும் வருவாவளா என்று கேட்டாள். நயினாமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். உன் புருஷன் திருப்பூரில் வேறொருத்தியோடு இருக்கிறதாகக் கேள்வி, நீட்டத்தில் யாரும் குடியிருந்ததில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்.

செம்மடையில் அவரே அதில் ஏறி, காலை முன்னால் நீட்டி வைத்து, ஆலைக் களம் வரை போய்த் திரும்பினார். ரோடு ஒரு சாண்கூட நீளவில்லை. மறுபடி போய்த் திரும்பினார். அவர் மகன் போய்த் திரும்பினான். அது வெறும் மோட்டார் சைக்கிளாக ஆகிவிட்டிருந்தது, கடைசியில் யாரோ சென்னையிலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சேதி பெரியமங்கலத்துக்கு வந்த அன்றைக்குச் செண்பகவடிவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். செம்மடைப் பஸ்ஸில் ஏறி, நீட்டத்துக்கு ஒரு டிக்கெட் என்றாள். பழைய கண்டக்டர்தான், அவளைப் பல தடவை அங்கே இறக்கிவிட்டவர். அப்படி ஒரு ஸ்டேஜ் இல்லையே அம்மா என்றார், அவர் முகத்தில் பொய் இல்லை. அவள் இறங்கி நடந்தே திரும்பினாள்.

அறையில் ஞானதுரை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பியூலா பரிமாறிக்கொண்டிருந்தாள். செண்பகவடிவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவனிடம் நேராகப் பேசாதவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க அந்த வழியாத்தான வந்திய. அவியள எங்கயும் பாத்தியளா?"

ஞானதுரை தட்டில் கையை வைத்தபடியே இருந்தான். பியூலா அவன் முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாத்தேன்," என்றான். "பனமரத்துக்கிட்ட நின்னான். கையக் காட்டுனான். நான் நிக்கல."

அவள் எழுந்து அடிப்பாள் என்று நினைத்தான், அல்லது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த நிமிஷமே வெளியே போவாள் என்று நினைத்தான். இரண்டுக்கும் தயாராக இருந்தான். செண்பகவடிவு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கையில பை இருந்துச்சா?"

"இருந்துச்சு. மஞ்சப் பை."

"சட்டை?"

"வெள்ளச் சட்டை. குளிச்சுத் தல சீவியிருந்தான்."

அவள் மூச்சை விட்டாள். அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த மூச்சைப் போல அது நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

"அப்போ திருப்பூருக்குப் போகல," என்றாள். "எங்ககிட்ட வரத்தான் கிளம்பி நின்னிருக்காவ."

பிறகு பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒங்கப்பா வந்துக்கிட்டுத்தான் இருந்தாவ என்று அதனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஞானதுரையைப் பார்த்தாள். அவள் பார்வையில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை, அவனிடம் வாங்க வேண்டியது ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

"இன்னொரு மட்டம் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள். "மொதல்லேர்ந்து."

சோறு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ஞானதுரை பாலத்திலிருந்து ஆரம்பித்தான்.